அம்மாவைச் சிரிக்க வைத்த பிள்ளை

ஹாலிவுட் சிரிப்பு நடிகர் ஜீன் வைல்டரின் கதை

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் விழித்துக் கொண்டு நிற்கிறான். அம்மாவுக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். பார்க்க வந்த டாக்டர் பையனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அம்மாவிடம் ஒருநாளும் கோபமாகப் பேசாதே, பேசினால் அவள் உயிருக்கே ஆபத்து. இரண்டு, அவளைச் சிரிக்க வைக்கப் பார்.

முதல் வார்த்தை அந்தக் குழந்தையை எத்தனையோ வருஷம் வாட்டி எடுத்தது. இரண்டாவது வார்த்தை அவனை உலகப் புகழ் பெற்ற சிரிப்பு நடிகனாக்கியது. டாக்டர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல், பெரியவர்களாகிய நாம் குழந்தைகளிடம் சொல்லும் ஒரு சொல், எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்!

அந்தப் பையனின் பெயர் ஜெரோம் ஸில்பர்மன். 1933 ஜூன் 11-ம் தேதி பிறந்தவன். அப்பா ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர். ஜெரோமைத்தான் பின்னால் உலகம் ஜீன் வைல்டர் என்று தெரிந்து கொண்டது. 'வில்லி வோங்கா அண்ட் தி சாக்லேட் ஃபாக்டரி' படத்தில் ஊதா நிறக் கோட்டும் உயரமான தொப்பியும் சுருட்டை முடியுமாக வருவாரே, அவரேதான்.

தொண்டை வலியில் தொடங்கியது

ஜெரோமின் அம்மாவுக்கு வந்தது ருமாட்டிக் ஜுரம் தந்த இதய நோய். இதைப் பற்றி இளம் தாய்மார்கள் கொஞ்சம் தெரிந்து கொள்வது நல்லது. சிறு வயதில் ஒருவகைக் கிருமியால் தொண்டை வலி வரும். தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டால், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ஜுரமும் மூட்டு வலியும் வரும். மூட்டு வலி போய்விடும், ஆனால் இதயத்தின் வால்வு கெட்டுப் போகும். மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கிற வியாதி என்று டாக்டர்கள் இதைச் சொல்வார்கள். ஜெரோமின் அம்மா சிறுமியாக இருந்த காலத்தில் பெனிசிலின் கிடையாது. இன்றைக்கு அந்தக் கவலை இல்லை. ஜுரத்தோடு தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தைச் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தாலே போதும். "இரண்டு நாளில் சரியாகிவிட்டதே" என்று பாதியில் நிறுத்துவதுதான் தப்பு.

சரி, கதைக்கு வருவோம். பையன் டாக்டர் சொன்னதை வேத வாக்காக எடுத்துக் கொண்டான். ரேடியோவில் கேட்ட குரல்களைப் போலப் பேசிக் காட்டுவான். ஜெர்மன்காரர் இங்கிலீஷ் பேசுகிற மாதிரி பேசுவான். அம்மா சிரித்துச் சிரித்து, தாங்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடும்படி ஆகிவிட்டால் அன்றைக்கு அவனுக்கு வெற்றி!

ஆனால் கோபப்பட்டால் அம்மா செத்துப் போவாள் என்ற பயம்? அது உள்ளேயே தங்கிவிட்டது. காலேஜ் போகிற வயதில், தான் ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி ஓர் எண்ணம் பிடித்துக் கொண்டு, நிறுத்த முடியாமல் மணிக்கணக்கில் பிரார்த்தனை செய்வாராம். மனநல மருத்துவம் செய்து கொண்டுதான் அதிலிருந்து மீண்டார். பின்னால் தன் சுயசரிதையில் இதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நம் வீடுகளிலும் "நீ படுத்துகிற பாட்டில் அம்மா ஒருநாள் செத்தே போகப் போகிறேன்" என்று அலுப்பில் சொல்லிவிடுகிறோம். நமக்கு அது பேச்சு. எட்டு வயதுக் குழந்தைக்கு அது தீர்ப்பு.

மேடை ஏறினார்

அக்கா நாடகம் கற்றுக் கொண்டிருந்தாள். அவள் மேடையில் நின்று பேச, கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டதைப் பார்த்த ஜெரோமுக்கு ஆசை வந்துவிட்டது. அப்போது வயது 11. "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று அக்காவின் ஆசிரியரிடம் போய்க் கேட்டான். 13 வயதிலும் இதே ஆசை இருந்தால் வா என்றார் அவர். பையன் நாளை எண்ணிக் கொண்டிருந்தான். 13 வயது முடிந்த மறுநாளே போன் போட்டுவிட்டான்!

நடுவில் அம்மா, பிள்ளை நன்றாக வரட்டும் என்று ஹாலிவுட்டில் ஒரு ராணுவப் பள்ளியில் சேர்த்தாள். அங்கே அவன் ஒருவன்தான் யூதப் பையன். மற்ற பிள்ளைகள் அடித்தும் அவமானப்படுத்தியும் படாத பாடு படுத்தினார்கள். சீக்கிரமே ஊருக்குத் திரும்பி வந்துவிட்டான்.

1955-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பிறகு இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளி. அங்கே வாள் வீச்சில் முதலாவதாக வந்தார். 1956-ல் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டார். எங்கே வேலை வேண்டும் என்று கேட்டபோது தானே தேர்ந்தெடுத்து, பென்ஸில்வேனியாவில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளின் வார்டில் வேலை பார்த்தார். மனிதர்களின் மனசு எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்று பார்த்தால் நடிப்புக்கு உதவும் என்பது அவர் எண்ணம்.

அந்த வேலையில் இருக்கும்போதே, 1957 நவம்பரில், அம்மா இறந்து போனாள். இத்தனை காலம் பயந்த இதய நோயால் அல்ல. சினைப்பைப் புற்றுநோயால். இந்த வியாதியின் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது மறுபடி வரும்.

ராணுவத்திலிருந்து வந்து நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி. வயிற்றுப் பாட்டுக்குக் கார் ஓட்டினார், வாள் வீச்சு சொல்லிக் கொடுத்தார். 26 வயதில் பெயரை மாற்றிக் கொண்டார். தாமஸ் உல்ஃபின் நாவலில் வரும் யூஜீன் என்ற பாத்திரத்திலிருந்து ஜீன், நாடக ஆசிரியர் தார்ன்டன் வைல்டரிடமிருந்து வைல்டர். ஆக, ஜீன் வைல்டர்!

சிரிப்பு ராஜ்யம்

1963-ல் ஒரு நாடகத்தில் ஆன் பான்கிராஃப்ட் என்ற பெரிய நடிகையோடு நடித்தார். அவரை அழைத்துப் போக தினமும் வருவார் அவருடைய காதலர் மெல் புரூக்ஸ். அறிமுகம் சிநேகமாகி, புரூக்ஸ் எடுத்த 'தி புரொடியூஸர்ஸ்' படத்தில் ஜீனுக்கு முக்கிய வேடம் கிடைத்தது. பயந்தாங்கொள்ளிக் கணக்கர் ஒருவர், சின்னக் குழந்தை மாதிரி ஒரு நீலத் துணித் துண்டைக் கையில் வைத்துக் கொண்டே அலைவார். அதைப் பிடுங்கினால் போச்சு, கூச்சல்! அந்த வேடத்துக்காக ஜீன் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

1971-ல் 'வில்லி வோங்கா' வந்தது. ரோல்ட் டால் எழுதிய குழந்தைகள் கதை. நடிக்கக் கேட்டபோது ஜீன் ஒரு நிபந்தனை போட்டார். முதல் காட்சியில் நான் கைத்தடி ஊன்றி நொண்டிக் கொண்டே வருவேன். கூட்டம் ஐயோ பாவம் என்று பார்க்கும். தடி தரையில் குத்திக் கொண்டு நின்றுவிடும். நான் விழப் போகிற மாதிரி போய், குட்டிக்கரணம் அடித்து எழுந்து நிற்பேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அதற்கப்புறம் நான் சொல்வது நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது அல்லவா என்றாராம். அந்தப் படம் வந்த புதிதில் பெரிதாக ஓடவில்லை. டெலிவிஷனில் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்கு அவர் சொந்தக்காரர் ஆனார்.

1974 அவருக்கு யோகமான வருஷம். 'பிளேஸிங் ஸாடில்ஸ்', 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டும் வந்தன. இரண்டாவது படத்தின் யோசனையே அவருடையது. புரூக்ஸுடன் சேர்ந்து கதை வசனம் எழுதி அதற்கும் ஆஸ்கார் பரிந்துரை வாங்கினார். கறுப்பின நடிகர் ரிச்சர்ட் பிரையருடன் சேர்ந்து நடித்த 'ஸில்வர் ஸ்ட்ரீக்' (1976), 'ஸ்டிர் கிரேஸி' (1980) இரண்டும் சக்கைப் போடு போட்டன.

வெளியே இத்தனை புகழ். வீட்டில்? இரண்டு திருமணங்கள் முறிந்தன. இரண்டாவது மனைவியின் மகளைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்த உறவும் பின்னாளில் நிலைக்கவில்லை.

கில்டா வந்தாள்

1981-ல் 'ஹாங்கி பாங்கி' படப்பிடிப்பில் கில்டா ராட்னரைச் சந்தித்தார். கில்டாவும் லேசுப்பட்டவள் அல்ல. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியின் முதல் குழுவில் இருந்து அமெரிக்காவையே சிரிக்க வைத்தவள், எம்மி பரிசு வாங்கியவள். ஜீனைப் பார்த்த அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். ஜீனுக்குத்தான் தயக்கம். இவள் எல்லாவற்றுக்கும் நம்மையே சார்ந்து இருப்பாளோ என்று பயம்.

தயக்கம் தீர்ந்த கதை வேடிக்கையானது. இருவரும் பிரான்ஸ் கிளம்பி விமான நிலையத்தில் நிற்கிறார்கள். கில்டாவின் குட்டி நாய் எலி பாஷாணத்தைத் தின்றுவிட்டது! "நீங்கள் போங்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று ஜீனை விமானத்தில் ஏற்றிவிட்டு, நாயைத் தூக்கிக் கொண்டு வைத்தியரிடம் ஓடினாள் கில்டா. நாய் பிழைத்தது. தனியாக நின்று சமாளிக்கத் தெரிந்தவள்தான் என்று ஜீனுக்கும் புரிந்தது. 1984 செப்டம்பரில் பிரான்ஸின் தென்பகுதியில் கல்யாணம்.

கில்டாவுக்கு ஒரே ஆசை, ஒரு குழந்தை. கரு தங்கவில்லை, கலைந்து போயிற்று.

பத்து மாதம் போயிற்று

1986-ம் வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் டென்னிஸ் ஆடக் காரில் போய்க் கொண்டிருந்தார்கள். கில்டாவுக்குக் கண்ணைச் சுழற்றிக் கொண்டு அப்படி ஓர் அசதி. அன்றைக்குத் தொடங்கியது. நாள்பட்ட களைப்பு, லேசான ஜுரம், வயிற்று உப்புசம், தொடையில் குடைச்சல். டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார்கள். வைரஸ் என்றார்கள். மனக் கவலை என்றார்கள். நரம்புத் தளர்ச்சி என்றார்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்" என்று சொல்லியே பத்து மாதம் போய்விட்டது.

அக்டோபர் மாதம் உண்மை தெரிந்தது. சினைப்பைப் புற்றுநோய். அதுவும் நான்காவது கட்டம்.

ஆபரேஷன், மருந்து, கதிர் வீச்சு எல்லாம் நடந்தன. முடி கொட்டியது. கில்டா சிரிப்பை விடவில்லை. நடுவில் கொஞ்ச காலம் நோய் அடங்கியபோது, 1988-ல், ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் தோன்றினாள். "இத்தனை நாள் எங்கே காணோம்?" என்றதற்கு, தனக்குக் கேன்ஸர் வந்ததாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வந்தது என்று திருப்பிக் கேட்டாள்! தன் அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினாள். நோய் திரும்பி வந்தது. 1989 மே 20-ம் தேதி, லாஸ் ஏஞ்ஜலீஸ் ஆஸ்பத்திரியில், 42-வது வயதில் கண் மூடினாள்.

பிறகுதான் ஜீனுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. கில்டாவின் பாட்டி, அத்தை முறை உறவு, கஸின் சகோதரி மூவருமே இந்த நோயால்தான் இறந்திருந்தார்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்று துருவிக் கேட்டிருந்தால் முன்பே சந்தேகம் வந்திருக்குமே! அம்மாவையும் மனைவியையும் ஒரே நோய் கொண்டு போனதே என்று அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1991-ல் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன் போய், நோயைத் தெரிந்து கொள்ளாமல் பத்து மாதம் வீணானதைச் சொன்னார். பத்திரிகையில் எழுதினார். லாஸ் ஏஞ்ஜலீஸில் இந்த நோயைக் கண்டறிய கில்டா பெயரில் ஒரு மையம் ஏற்படத் துணை நின்றார்.

கேன்ஸர் வந்ததால் தனக்கு ஒரு பெரிய கிளப்பில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தக் கிளப்பில் சேரத்தான் இஷ்டமில்லை என்று கில்டா வேடிக்கையாகச் சொல்வாள். அதையே பெயராக வைத்து 1995-ல் நியூயார்க்கில் 'கில்டாஸ் கிளப்' தொடங்கினார்கள். நோயாளிகளும் வீட்டாரும் வந்து உட்கார்ந்து பேசலாம், அழலாம், சிரிக்கலாம். காசு கிடையாது. பிறகு பல ஊர்களில் கிளைகள் வந்தன.

கடைசி அத்தியாயம்

கில்டா போவதற்கு முன்பே, காது கேளாதவராக ஒரு படத்தில் நடிக்க வேண்டி, நியூயார்க்கில் செவிப்புலன் குறைந்தவர்களுக்கான நிலையத்தில் பயிற்சி பெற்றிருந்தார் ஜீன். உதட்டசைவைப் படிக்க அங்கே சொல்லிக் கொடுத்தவர் கேரன். கில்டா மறைந்த பின் அந்த அறிமுகம் வளர்ந்து, 1991-ல் திருமணம் செய்து கொண்டார்கள். கில்டா விட்டுச் சென்ற கனெக்டிகட் மாநிலத்துப் பழைய வீட்டிலேயே குடியிருந்தார்கள். ஜீன் சினிமாவைக் குறைத்துக் கொண்டு ஓவியம் வரைந்தார், நாவல்கள் எழுதினார். 1999-ல் அவருக்கே ஒருவகை ரத்தப் புற்றுநோய் வந்தது, சிகிச்சையில் குணமானார்.

பிறகு வந்தது அல்ஸைமர் என்ற மறதி நோய். ஒரு விருந்தில் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் எழுதி அவர் நடித்த படத்தின் பெயரே அவருக்கு வாயில் வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அதை நடித்துக் காட்டினார்! இன்னொரு நாள் வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இருபது நிமிஷப் போராட்டம். அதற்கு நடுவிலும், மேடையில் இருப்பவர் மாதிரி, ஒரு நிமிஷம் பொறுங்கள், இதோ வந்துவிடுகிறோம் என்று இல்லாத ரசிகர்களைப் பார்த்துச் சொன்னாராம். இதையெல்லாம் கேரன் எழுதியிருக்கிறார்.

நோயைப் பற்றி வெளியே யாருக்கும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு அல்ல. தெருவில் பார்க்கிற குழந்தைகள் "அதோ வில்லி வோங்கா!" என்று சிரித்துக் கொண்டு ஓடி வருவார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் "பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அந்தச் சிரிப்பு வாடிவிடுமே, உலகத்தில் ஒரு சிரிப்பு குறைந்துவிடுமே என்றுதான். 2016 ஆகஸ்ட் 29-ல், 83-வது வயதில், அவர் மறைந்த பிறகுதான் குடும்பத்தார் இதைச் சொன்னார்கள். எவ்வளவோ மறந்து போயும் நெருங்கியவர்களின் முகம் மட்டும் கடைசி வரை மறக்கவில்லை.

கில்டாவின் கதை நமக்குச் சொல்வது

"வேலை ஜாஸ்தி, அதனால் அசதி", "வாயு", "வயசாகிறது" என்று நாமே நமக்கு வைத்தியம் சொல்லிக் கொள்வதில் கெட்டிக்காரர்கள். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நம் உடம்பு. ஆகவே சகோதரிகளே, இவற்றைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1. வயிற்று உப்புசம், அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது: இவை புதிதாக வந்து, பெரும்பாலான நாட்களில் இருந்து, இரண்டு மூன்று வாரமாகியும் போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் பார்க்காமல் விடவும் வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு வந்தால் இன்னும் கவனம் தேவை.

2. அம்மா, பாட்டி, சித்தி, அத்தை, சகோதரிகளில் யாருக்காவது சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அப்பா வழி உறவையும் சேர்த்துத்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. ஜீன் போராடத் தொடங்கிய நாளில் இது கிடையாது. இதற்குக் காரணமான முக்கிய மரபணுக்கள் 1994, 1995-ல்தான் கண்டறியப்பட்டன.

3. ஓர் அறிகுறியும் இல்லாத பெண்கள் எல்லோரும் வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருஷம் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதனால் இந்த நோயில் சாவு குறையவில்லை என்று தெரிந்தது. கர்ப்பப்பை வாய்க்குச் செய்யும் பாப் டெஸ்ட்டும் இந்த நோயைக் காட்டாது. ஆகையால் உடம்பு சொல்வதைக் கேட்பதுதான் வழி.

4. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிய பிறகும் தொந்தரவு போகவில்லையா? திரும்பப் போங்கள். இன்னொரு டாக்டரையும் பாருங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.